சக்கரம் பூண்ட வீடு

நுழையும்முன்
வீட்டுக்குள் இருப்பதே பாதுகாப்பு என்று உலகம் உணர்ந்திருந்த காலம் ஒன்று அண்மையில் வந்துசென்றது. அக்காலத்தில் வீட்டையே ஊர்தியில் ஏற்றிக்கொண்டு இயற்கையைத் தேடிச் சென்றவர்களும் உண்டு. அவ்வாறு செல்வோர், தாம் தங்கும் நிலத்துக்கும் அந்நிலத்து மக்களுக்கும் எத்தகைய கடன்பட்டவர்கள்? கருங்குழியை அடுத்த ஒரு மாந்தோப்பில் கழிந்த நான்கு இரவுகளின் வழியாக இவ்வினாவை எண்ணிப் பார்க்கிறது இக்கட்டுரை.

வீடும் வழியும்

வீடு என்னும் சொல்லுக்குத் தமிழில் விடுதலை என்றொரு பொருளும் உண்டு. அறம், பொருள், இன்பம், வீடு என வாழ்வின் பேறுகளை நான்காக எண்ணிய மரபில், கட்டுகள் அனைத்தும் நீங்கிய நிலையே வீடு எனப்பட்டது. 2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் இந்தியா முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது அதே சொல் கட்டுப்பாட்டின் பெயராயிற்று. நான்கு சுவர்களுக்குள் வேலை, நான்கு சுவர்களுக்குள் பள்ளி, நான்கு சுவர்களுக்குள் பண்டிகை என்று நாள்கள் நகர்ந்தன. வெளியே சென்றால் நோய். உள்ளே இருந்தால் புழுக்கம்.

இவ்விரண்டுக்கும் இடையே உலகில் ஒரு சாரார் மூன்றாவது வழியைக் கண்டனர். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி ஆகியவை பொருத்தப்பட்ட ஊர்திகளில் ஏறிக் காட்டோரங்களையும் ஏரிக்கரைகளையும் நாடிச் சென்றனர். விடுதி அறையில் தங்கவேண்டியதில்லை; உணவகத்தில் உண்ணவேண்டியதில்லை; பிறர் தொட்ட பொருளைத் தொடவேண்டியதில்லை. அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டில் இத்தகைய உறைவிட ஊர்திகளை வாங்குவோரும் வாடகைக்கு எடுப்போரும் பெருகினர். அமைதி தேடிச் சென்றவர்களின் கூட்டத்தாலேயே சில இடங்களில் அமைதி குலைந்ததும் உண்டு.

நம் நாட்டில் இவ்வகை ஊர்தியைக் 'கேரவன்' என்போம். திரைப்படக் கலைஞர்கள் படப்பிடிப்பின்போது ஓய்வெடுக்கும் வண்டியென்றே தமிழ்நாட்டில் பலரும் இதனை அறிவர். பாரசீக மொழியிலிருந்து பிறந்த இச்சொல், பாலைவழியில் ஒருவருக்கொருவர் துணையாகச் செல்லும் பயணிகளின் கூட்டத்தைக் குறித்தது. பொழுதுபோக்குப் பயணத்துக்கென்றே அமைக்கப்பட்ட முதல் உறைவிட வண்டி என்று பலராலும் குறிப்பிடப்படுவது, 1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் உருவான குதிரை வண்டியாகும். அதனைச் செய்வித்த வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் கடற்படையில் பணியாற்றிய மருத்துவர். 'நாடோடி' எனப் பொருள்படும் பெயரை அவர் அந்த வண்டிக்குச் சூட்டி, இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்தின் வடபகுதிவரை அதில் பயணம் செய்தார்.

எனினும், சக்கரம் பூண்ட வீடு நமக்குப் புதியதன்று. திருவிழாவுக்குக் கூண்டு வண்டி கட்டிச் சென்று, வண்டியின் அடியில் வைக்கோல் பரப்பி உறங்கி, மூன்று கல் அடுப்பில் பொங்கியுண்ட நினைவு நம் முன்னோர் பலருக்கு உண்டு. இன்றும் நெடுஞ்சாலையில் செல்லும் சரக்கு லாரியை நோக்கினால் இது விளங்கும். ஓட்டுநரின் இருக்கைக்குப் பின்னே ஒரு பலகைப் படுக்கை. அதன் அடியில் மண்ணெண்ணெய் அடுப்பும் அரிசிப் பையும். கண்ணாடியின் மேலே குலதெய்வத்தின் படம். ஊரடங்கின் தொடக்க வாரங்களில் சாலையோர உணவகங்கள் மூடப்பட்டிருந்தபோது, நாட்டுக்கு வேண்டிய அரிசியையும் மருந்தையும் ஏற்றிச் சென்ற ஓட்டுநர்கள் புளிய மரத்தடியில் தாமே சமைத்துண்டு, வண்டியிலேயே உறங்கிப் பயணத்தைத் தொடர்ந்தனர். 'வீட்டிலேயே இருங்கள்' என்ற அறிவுரை அவர்களுக்குப் பொருந்தவில்லை. அவர்கள் வெளியே இருந்ததனால்தான் மற்றவர்கள் வீட்டிலேயே இருக்க முடிந்தது.

மணலில் எழும் ஊர்

இயற்கையின் மடியில் சில நாள் தங்கி மீளும் வழக்கத்துக்குச் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே தொன்மையான சான்று ஒன்று உண்டு. ஆண்டுதோறும் மாசி மாதத்து முழுநிலவையொட்டி, இருளர் பழங்குடி மக்கள் பல ஊர்களிலிருந்தும் மாமல்லபுரம் கடற்கரையில் வந்து கூடுகின்றனர். கழிகளை மணலில் ஊன்றிப் புடவைகளைச் சுற்றிக் கட்டிச் சிறு சிறு கூடாரங்கள் அமைக்கின்றனர். ஓரிரு நாள்களில் கடலோரத்தில் வண்ண வண்ணமாய் ஓர் ஊர் எழுந்துவிடும். அங்கேயே சமைப்பர், உறவினரைக் காண்பர், திருமணப் பேச்சுகள் நிகழும். விடியற்காலையில் அலை வந்து தொடும் இடத்தில் ஈர மணலால் படிகள் அமைத்துக் கன்னியம்மனை வழிபடுவர். அவ்விடத்திலேயே திருமணங்களும் நடைபெறும்.

விழா முடிந்ததும் கழிகள் பிடுங்கப்படும், புடவைகள் மடிக்கப்படும். மணற்படிகளைக் கடல் கரைத்துக்கொள்ளும். கல்லில் கோயில் எழுப்பிய பல்லவர்களின் பெயர் நிலைத்திருக்கும் அதே கடற்கரையில், எதையும் நிலைநிறுத்தாமல் வந்துபோகும் இம்மக்களின் கோயிலும் ஆண்டுதோறும் புதிதாய் எழுகிறது. தங்கிய இடத்தை அதற்கு உரியவரிடமே திருப்பித் தருவது இவ்விழாவின் இயல்பு. இங்கே அந்த உரியவர் கடல்.

ஊர் நீங்கிய காலங்கள்

நோய்க்கு அஞ்சி மக்கள் திறந்தவெளியை நாடியதும் இது முதன்முறையன்று. 1896ஆம் ஆண்டில் மும்பையில் பரவிய பிளேக் நோய், அடுத்தடுத்த ஆண்டுகளில் நாட்டின் பல பகுதிகளையும் தாக்கியது. எலிகளின்மேல் வாழும் தெள்ளுப்பூச்சிகளால் அந்நோய் பரவியதால், வீட்டை விட்டு வெளியேறுவதே அன்று தற்காப்பாயிற்று. மக்கள் ஊருக்கு வெளியே வயல்களிலும் தோட்டங்களிலும் கீற்றுக் குடிசைகள் அமைத்துத் தங்கினர். 1898ஆம் ஆண்டில் பெங்களூரைப் பிளேக் தாக்கியபின், நெருக்கமான பழைய நகரத்துக்கு வெளியே காற்றோட்டமான தெருக்களுடன் மல்லேசுவரம், பசவனகுடி என்னும் குடியிருப்புகள் வளர்ந்தன. கோவைப் பகுதியில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் அக்காலத்தின் துயரை நினைவூட்டி நிற்கின்றன. பிளேக்கை எதிர்கொள்வதற்காக 1897ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கொள்ளைநோய்கள் சட்டம், 2020ஆம் ஆண்டிலும் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது.

அன்று ஊர் நீங்கியோர் பெரும்பாலும் தம் ஊரின் எல்லையிலேயே, தமக்குத் தெரிந்த நிலத்திலேயே தங்கினர். இன்றைய பயணியோ பிறர் ஊருக்குச் செல்கிறார். பயணம் விரைவானதால் நோயும் அவருடன் விரைந்து செல்லக்கூடும். தமக்கு அமைதி தேடிச் செல்லும் ஒருவர், அந்த ஊரின் அமைதிக்குக் கேடாகிவிடக்கூடாது. இக்கவலை ஏட்டில் படித்து எனக்கு விளங்கியதன்று. கருங்குழிக்கு அருகில் ஒரு மூதாட்டி எனக்கு அதனை விளக்கினார்.

கிணற்றுக்கு அப்பால்

2021ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தின் தொடக்கம். முதல் அலை தணிந்திருந்தது. இரண்டாம் அலை வரவிருப்பதை நாங்கள் அறிந்திருக்கவில்லை. மருத்துவப் பணியாளர்களுக்குத் தடுப்பூசி போடும் பணி ஜனவரி 16ஆம் நாள் தொடங்கியிருந்தது. என் மகள் பதினோராம் வகுப்பு மாணவி. ஓராண்டாகக் கைப்பேசித் திரையிலேயே பாடம் பயின்ற அவளுக்குப் பிப்ரவரி 8ஆம் நாள் பள்ளி திறக்கவிருந்தது. எழுபத்து நான்கு வயதான என் தாயார் பத்து மாதங்களாகச் சென்னையின் அடுக்ககத்திலிருந்து இறங்கவேயில்லை. "மண்ணை மிதிச்சு எத்தனை நாளாச்சு!" என்று அவர் ஒருநாள் கூறியது எங்களைப் புறப்படச் செய்தது.

நண்பர் ஒருவர் தம் பழைய வேனில் இருக்கைகளை நீக்கி, இரண்டு படுக்கைகளும் ஓர் அடுப்பும் அறுபது லிட்டர் தண்ணீர்த் தொட்டியும் மூடிய கழிவுத் தொட்டியுடன் கூடிய சிறு கழிப்பறையும் அமைத்திருந்தார். அதனை எங்களுக்குத் தந்து உதவினார். கருங்குழிக்கு மேற்கே தமக்குத் தெரிந்த ஒருவரின் மாந்தோப்பில் தங்குவதற்கும் கேட்டு இசைவு பெற்றுத் தந்தார். நால்வரும் நோய்ப் பரிசோதனை செய்துகொண்டு, நோய் இல்லை என்ற முடிவு வந்த பின்னரே புறப்பட்டோம்.

சென்னையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், பாலாற்றைக் கடந்து மதுராந்தகத்தை நெருங்குமிடத்தில் இருப்பது கருங்குழி. வள்ளலார் வாழ்ந்த கருங்குழி வடலூரை அடுத்துள்ள வேறோர் ஊர். இந்தக் கருங்குழி, கருநாடகப் போர்க்காலத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மாறி மாறிக் கைப்பற்றிய கோட்டையைக் கொண்டிருந்தது. 1795 முதல் 1825 வரை, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியரின் அலுவலகம் இங்குதான் இயங்கியது. இன்று நெடுஞ்சாலையில் விரைவோரின் கண்ணில் ஒரு கணம் தோன்றி மறையும் சிற்றூராக அது இருக்கிறது.

நாங்கள் சென்றபோது சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. முந்தைய நவம்பரில் நிவர் புயல் கொணர்ந்த மழையின் செழிப்பு வயல்வெளியெங்கும் தெரிந்தது. வேன் தோப்பின் வாயிலை அடைந்தபோது, தோப்புக்காரரின் தாயார் எங்களுக்கு முன்பே அங்கு வந்து நின்றிருந்தார். முந்தானையால் வாயையும் மூக்கையும் மூடியிருந்தார். இருபதடி தொலைவில் நின்றபடியே பேசினார்.

"மெட்ராசுலேருந்தா வரீங்க, தம்பி?"

"ஆமாம், பெரியம்மா. உங்க மகன்கிட்டக் கேட்டுக்கிட்டுத்தான் வந்தோம்."

"அவன் சொன்னான். நீங்க வந்ததுல எனக்கு வருத்தமில்ல. ஆனா போன ஆவணியில இந்தத் தெருவுல ரெண்டு பேரைத் தூக்கிக் குடுத்துட்டோம். மெட்ராசுலேருந்து வந்த சொந்தக்காரங்க கூடத்தான் அது வந்துச்சு. அவங்க மேலயும் தப்பில்ல; அவங்களுக்கே தெரியாது. என் வீட்டுல பேரப்புள்ளைங்க ரெண்டு இருக்கு."

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பின்னர் அவர் கையால் ஓர் எல்லையைக் காட்டினார்.

"அதோ கிணறு தெரியுதா? கிணத்துக்கு அந்தப் பக்கம் நீங்க. இந்தப் பக்கம் நாங்க. தண்ணி நானே எறச்சுத் திட்டு மேல வச்சுடறேன். நான் போனப்புறம் வந்து எடுத்துக்குங்க. கொடத்தை வெயில்ல வச்சிட்டுப் போங்க. சம்மதமா?"

"சம்மதம், பெரியம்மா."

என் தாயார் வேனின் சன்னலிலிருந்து கைகூப்பினார். அம்மூதாட்டியும் கைகூப்பினார். ஏறத்தாழ ஒரே வயதினரான அவ்விருவரின் பழக்கம் நான்கு நாளும் கிணற்றின் இருபுறத்திலிருந்தே நடைபெற்றது. மாம்பூவைப் பற்றியும், பேரப்பிள்ளைகளைப் பற்றியும், முழங்கால் வலியைப் பற்றியும் உரத்த குரலில் பேசிக்கொண்டனர். ஒருவர் முகத்தை மற்றொருவர் முழுமையாகக் காணவில்லை.

அறுபது லிட்டர்

நகரத்து வீட்டில் குழாயைத் திறந்தால் நீர் வரும். எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கேட்கும் தேவை எழுவதில்லை. சக்கரத்தின்மேல் வாழும்போது இரண்டு வினாக்களும் ஒவ்வொரு வேளையும் எழுகின்றன. அறுபது லிட்டர் நீரை நால்வர் பகிர வேண்டும். அதுவும் ஒரு மூதாட்டி தம் கையால் இறைத்து வைத்த நீர். முதல்நாள் மாலையே தொட்டி வறண்டது. மறுநாள் என் மகள் ஒரு தாளில் கணக்கெழுதி வேனின் கதவில் ஒட்டினாள்: குடிக்கவும் சமைக்கவும் பதினைந்து லிட்டர், பாத்திரத்துக்குப் பத்து, குளியலுக்கு ஆளுக்கொரு சிறுவாளி. அரிசி கழுவிய நீர் வீணாகாமல் மாட்டுத் தொட்டிக்குச் சென்றது. மூன்றாம் நாள் இரவில் தொட்டியில் எட்டு லிட்டர் மிச்சமிருந்தது.

வருகின்ற நீரினும் போகின்ற நீரே அறத்துக்குச் சோதனை. தோப்பின் ஓரமாக ஏரிப் பாசன வாய்க்கால் ஒன்று ஓடியது. சோப்பு நீரை அதில் ஊற்றினால் நம் கண்ணுக்கு மறைந்துவிடும். ஆனால், அந்த வாய்க்காலின் கடைமடையில் ஒருவர் முகம் கழுவுவார். ஒரு மாடு குடிக்கும். ஒரு நாரை மீன் தேடும். ஆகவே, பாத்திரங்களைச் சாம்பலால் துலக்கி, அந்நீரை வாய்க்காலுக்கு வெகுதொலைவில் மர நிழல் படாத மேட்டில் ஊற்றினோம். மக்காத குப்பையை ஒரு பையில் கட்டினோம். அந்தப் பையும் கழிவுத் தொட்டியும் எங்களுடனேயே சென்னைக்குத் திரும்பின. முகக்கவசம் ஒன்றும் அங்கே கிடக்கக்கூடாது என்பதில் என் மனைவி மிகுந்த கருத்தாயிருந்தார். நோய்க்காலத்தில் மனிதர் விட்டுச்செல்லும் குப்பையும் அச்சமூட்டக்கூடியது.

இரவுகள் வேறோர் உலகமாயிருந்தன. ஒன்பது மணிக்கெல்லாம் ஊர் அடங்கிவிடும். தொலைவில் நெடுஞ்சாலையின் இரைச்சல் கடலலைபோல் மெலிதாய்க் கேட்கும். அதன்மேல் தவளைகளின் குரல். இடையே ஆள்காட்டிக் குருவியின் எச்சரிக்கை. சில வேளை திருச்சி நோக்கிச் செல்லும் தொடர்வண்டியின் ஓசை. விளக்கை அணைத்து வைத்தால் விண்மீன்கள் தோப்பின் இலைகளுக்கிடையே இறங்கி வந்ததுபோல் தோன்றும். சென்னையில் இரவு பலமுறை விழித்தெழும் என் தாயார், அங்கே வேனின் கதவு வழியே வந்த காற்றில் விடியும்வரை உறங்கினார்.

இந்த அமைதி இயற்கை தானாகத் தந்தது என்றே முதலில் எண்ணினேன். அதற்குப் பின்னால் மனிதர்களின் கட்டுப்பாடும் இருப்பதைப் பறவைகள் உணர்த்தின.

வேடந்தாங்கல் கற்பித்தது

ஒவ்வொரு மாலையும் கதிரவன் சாயும் நேரத்தில், அறுவடை முடிந்த வயல்களிலிருந்து நத்தைக்குத்தி நாரைகள் கூட்டம் கூட்டமாய் எழுந்து ஒரே திசையில் பறக்கும். அவற்றின்பின் அரிவாள் மூக்கன்களும் கரண்டிவாயன்களும் செல்லும். அவை அடங்கும் வேளையில், எதிர்த்திசையிலிருந்து வக்கா என்னும் இராக்கொக்குகள் கரகரத்த குரலுடன் இரை தேடிப் புறப்படும். ஓர் ஆலையில் பகல்நேரப் பணியாளர் வீடு திரும்ப, இரவுநேரப் பணியாளர் உள்ளே நுழைவதுபோன்ற ஒழுங்கு அது. அவை சென்று அடைவதும் புறப்பட்டு வருவதும் வேடந்தாங்கல் ஏரி.

தாங்கல் என்பது தொண்டை நாட்டில் சிறு ஏரியைக் குறிக்கும் சொல். வேடர்களின் பெயரால் வழங்கும் அவ்வூர், பறவைகளின் புகலிடமானது வரலாற்றின் விந்தை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேய வீரர்கள் சிலர் அங்குப் பறவைகளைச் சுட்டபோது ஊர்மக்கள் திரண்டு ஆட்சியரிடம் முறையிட்டனர். பறவைகளைக் காக்கும் அவர்களது உரிமையை ஏற்று 1798ஆம் ஆண்டில் ஆட்சியர் லயோனல் பிளேஸ் ஆணை வழங்கினார். மதுராந்தகம் ஏரிக்கரையை இராமபிரான் காத்ததாக வழங்கும் கதையிலும் இடம்பெறும் ஆட்சியர் அவரே. 1936ஆம் ஆண்டில் வேடந்தாங்கல் சரணாலயமாக ஏற்கப்பட்டது. 2022ஆம் ஆண்டில் அதுவும் அருகிலுள்ள கரிக்கிலியும், உலகளவில் முதன்மை வாய்ந்த ஈரநிலங்களைப் போற்றும் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன.

சரணாலயத்தின் பரப்பு ஏறத்தாழ 30 எக்டேர் மட்டுமே. நீரில் நிற்கும் கடப்ப மரங்களில் கூழைக்கடாவும் நாரையும் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் அடுத்தடுத்துக் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகிறது. பறவையால் பயிர் வளர்கிறது. பயிரால் உழவர் வாழ்கிறார். உழவரின் காவலால் பறவை வாழ்கிறது. கூடுகட்டும் காலத்தில் பறவைகள் மிரளும் என்பதனால் அவ்வூர் மக்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. தம் பிள்ளைகளின் ஒருநாள் மகிழ்ச்சியை விட்டுக்கொடுத்துப் பறவைகளுக்கு அமைதியைத் தந்துள்ளனர்.

இதனை அறிந்தபின், தோப்பில் நான் கேட்ட அமைதி வேறு பொருள் தந்தது. அது வெறுமையான இடத்தின் அமைதியன்று. பல தலைமுறையாக யாரோ ஒருவர் வெடிக்காத வெடியும், எறியாத கல்லும், வெட்டாத மரமும் சேர்ந்து உருவாக்கிய அமைதி. நாங்கள் அந்தப் பயணத்தில் சரணாலயத்துக்குள் செல்லவில்லை. வயல் வரப்பில் நின்று, தலைக்கு மேலே செல்லும் பறவைகளைக் கண்டதே எங்களுக்குப் போதுமானதாயிருந்தது.

ஆறடி இடைவெளி என்று அந்த ஆண்டு முழுவதும் கேட்டுக் கேட்டு, இடைவெளி என்னும் சொல்லே கசந்துபோயிருந்தது. அது பிரிவின் பெயராகவும் அச்சத்தின் பெயராகவும் ஒலித்தது. வேடந்தாங்கல் மக்கள் பறவைகளுடன் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கடைப்பிடித்துவரும் இடைவெளியில் அச்சமில்லை. 'நீ உன் இடத்தில் நலமாயிரு. நான் என் இடத்தில் நலமாயிருக்கிறேன்' என்னும் மதிப்பே அதில் இருக்கிறது. மூதாட்டி கிணற்றின் அருகில் வகுத்த எல்லையும் அத்தகையதே. அவர் எங்களைத் துரத்தியிருக்கலாம். அல்லது, விருந்தினர் என்று தயங்கித் தம் பேரப்பிள்ளைகளை ஆபத்துக்கு உள்ளாக்கியிருக்கலாம். இரண்டையும் செய்யாமல், ஓர் எல்லையை வகுத்து, அந்த எல்லையின்மேல் நாள்தோறும் நீர்க்குடத்தை வைத்தார்.

பதினான்காம் நாள்

ஐந்தாம் நாள் காலையில் புறப்பட்டோம். வேன் நின்ற இடத்தில் சக்கரத்தின் தடம் பதிந்திருந்தது. என் மகள் தென்னந்துடைப்பத்தால் அதனைக் கலைத்தாள். "தடம் கெடக்கட்டும், பாப்பா. அடுத்த மழைக்குப் போயிடும்" என்றார் மூதாட்டி. பின்னர் என்னை நோக்கி, "போன் நம்பர் குடுத்துட்டுப் போங்க, தம்பி. பதினாலு நாள் கழிச்சு எல்லாரும் நல்லாருக்கோம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நடுவுல யாருக்காவது காய்ச்சல்னா அன்னிக்கே சொல்லிடுங்க. நாங்களும் சொல்லுறோம்" என்றார்.

அந்தப் பதினான்கு நாள்கள் நீண்டவை. மகள் பள்ளியிலிருந்து திரும்பி ஒருமுறை தும்மினாலும், என் எண்ணம் கிணற்றுக்கு அப்பாலிருந்த அந்த வீட்டுக்குச் சென்றது. பரிசோதனை முடிவு கையிலிருந்தது. எல்லையை நாங்கள் மீறவில்லை. ஆயினும் மனம் அமைதியுறவில்லை. பயணம் வீடு திரும்பியவுடன் முடிந்துவிடுவதில்லை என்பதை அந்நாள்களில் உணர்ந்தேன். நாம் தங்கிவந்த இடத்தில் நம்மால் தீங்கு விளையவில்லை என்று உறுதியாகும் வரை அது தொடர்கிறது. பதினான்காம் நாள் மாலை தொலைபேசியில் அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். "நல்லாருக்கீங்களா?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டோம். இரு வீடுகளிலும் அனைவரும் நலம்.

ஊர்தியில் தங்கும் சுற்றுலா இனி நம் நாட்டிலும் வளரும். கேரளம் 2021ஆம் ஆண்டிலேயே அதற்கெனத் தனித் திட்டத்தை அறிவித்தது. கருங்குழி முதல் மாமல்லபுரம் வரை விரிந்துள்ள ஏரிகளும் தோப்புகளும் கழிமுகங்களும் பயணிகளை அழைக்கும். வரவேற்கத்தக்கதே. அங்கே செல்வோர், பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியலுடன் மூன்று வினாக்களையும் எடுத்துச் செல்லலாம்: இந்த நீரை எனக்காக இறைத்தவர் யார்? நான் ஊற்றும் நீர் யாரிடம் செல்கிறது? இந்த அமைதியைக் காப்பதற்காக யார் எதை விட்டுக்கொடுத்தார்?

அவ்வாண்டு ஏப்ரலில் இரண்டாம் அலை எழுந்தது. மே 10ஆம் நாள் தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு மீண்டும் வந்தது. செங்கல்பட்டு மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்றாயிற்று. அடுக்ககத்தில் மீண்டும் அடைபட்ட என் தாயார், தோப்பின் காற்றை நினைத்து ஏங்கினார். கிணற்றுக்கு அப்பாலிருந்த வீட்டையும் நினைத்தார். "போக வேணாம், பேசி மட்டும் பார்" என்று அவரே கூறினார். அழைத்தேன். மூதாட்டியின் குரல் சோர்ந்திருந்தாலும் தெளிவாயிருந்தது.

"மாங்கா பழுத்துடுச்சு, தம்பி. பறிக்கத்தான் ஆளில்ல. அம்மாவைப் பத்திரமாப் பாத்துக்குங்க. இப்ப வராதீங்க, அடுத்த வருசம் வாங்க. மரம் எங்கயும் போயிடாது."

அக்கோடை முழுவதும் வேன் நண்பரின் வாயிலிலேயே நின்றது.